உள்பக்கக் கைப்பிடி

ஓரம் மட்டும்தான் பாக்கி. கதவின் முகம் முடிந்தது, முதுகு முடிந்தது, நிலையின் இரண்டு காலும் தலையும் முடிந்தது, மற்ற ஐந்து கதவுகளும் அடியில் மரச்சக்கை செருகி, காற்றுக்கு அசையாமல், வெள்ளை வெளேரென்று திறந்து நிற்கின்றன. இந்தக் குளியலறைக் கதவில் மட்டும், நிலையோடு போய் ஒட்டுகிற பக்கத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை பழைய ஈட்டி மர நிறத்தில் அப்படியே கிடந்தது. சவரிமுத்து மூன்று நாளாக அதைப் பார்த்தும் பார்க்காமலும் இருந்தார். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்கிறார். இது மகள் பெனிட்டா வாங்கிய வீடு, உறையூரில் மூன்றாவது மாடி. பழைய சொந்தக்காரர் கதவு, நிலை, ஜன்னல் சட்டம், சுவரடிப் பலகை என்று மரமாக இருந்த எல்லாவற்றுக்கும் கறுஞ்சிவப்பாகச் சாயம் ஏற்றி வார்னிஷ் அடித்து வைத்திருந்ததில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. “சவப்பெட்டிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குப்பா. எல்லாத்தையும் வெள்ளையாக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துவிட்டாள், அவருக்குத்தான் அந்த வார்த்தை வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டு நேரே இங்கே வருவாள். இப்போது இரண்டரை. ஓர் ஓரத்துக்கு இரண்டரை மணி நேரம் தாராளம், வேறு பெயிண்டராக இருந்தால் ஒன்றரை மணியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். உப்புத்தாளை நான்காக மடித்துக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்தார். வைத்த இடத்திலேயே கை நின்றது. சரி, முதலில் பிரஷ்ஷைப் பார்ப்போம், மயிர் உதிர்கிறதா என்று. உதிரவில்லை. நேற்றும் இதையேதான் பார்த்தார்.

வார்னிஷ் லேசில் சாகாது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். எத்தனை வருஷத்துக் கை எண்ணெய், எத்தனை பேருடைய வியர்வை, அடுப்படிப் பிசுக்கு. பிறகு உப்புத்தாள், முதலில் முரடு, அப்புறம் நைஸ். கண்ணுக்கு மங்கினால் போதாது, உள்ளங்கையால் தடவினால் பூனை நாக்குப் போலச் சொரசொரக்க வேண்டும். தூசி துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு கைப் பூச்சு, அடியில் இருக்கிற சாயம் மேலே ஏறி வராமல் பூட்டிப்போட. அதற்கு மேல் பிரைமர், பட்டி, மறுபடியும் தேய்ப்பு, கடைசியில்தான் வெள்ளை. இதில் ஒன்றைத் தாண்டினாலும் மரம் காட்டிக்கொடுத்துவிடும். வார்னிஷ் உயிரோடு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது, பிடித்த மாதிரி நடிக்கும். பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருக்கும், விரல் வைத்தால் பிசுக்கென்று ஒட்டும், ஒரு வாரம் போனாலும் ஒட்டும், அழுத்தி மூடினால் நிலையைக் கவ்விக்கொள்ளும். கவ்விக்கொள்ளும். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். எதிர் மொட்டைமாடியில் யாரோ பள்ளிக்கூடச் சீருடைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கீழ்வீட்டில் குக்கர் விசில் ஒன்று, இரண்டு, மூன்றாவது வரவில்லை. மூன்றாவதுக்காகக் காத்து நின்றார். வரவேயில்லை. திரும்பி வந்தால் கதவு அதே இடத்தில் அதே பட்டையோடு நின்றது. போதாததற்கு, முகத்தில் அடித்த வெள்ளையின் விளிம்பில், ஓரத்திலிருந்து சாயம் கசிந்து, துணியில் ஊறுகிற இரத்தம் மாதிரி இளஞ்சிவப்பாக நாலைந்து இடத்தில் கோடு இறங்கியிருந்தது. நாலைந்து இல்லை, ஐந்து. எண்ண வேண்டாம் என்று நினைப்பதற்குள் எண்ணிவிட்டார்.

அகலமான பலகையில் தேய்த்தால் உப்புத்தாள் வேறு மாதிரி சத்தம் போடும். அரிசி களைகிற மாதிரி, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஓரத்தில் அப்படியில்லை. அந்த ஒடுக்கமான இடத்தில் தாள் மேலே போகும்போது ஒரு சர், கீழே வரும்போது நீளமாக, கடைசியில் லேசாக விசிலடித்து, இன்னொரு சர். இழுத்து விடுகிற மூச்சு. மனைவி ரெஜினா குளிர்காலத்தில் பாயில் எழுந்து உட்கார்ந்து முட்டியைக் கட்டிக்கொண்டு இழுப்பாளே, அதே அளவு, அதே விசில். அவள் போனபிறகு இந்தப் பதினோரு வருஷத்தில் எத்தனையோ கதவு அடித்துவிட்டார், ஓரம் வந்தால் மட்டும் கூட இருக்கிற ஆளிடம் தள்ளிவிடுவார். “சவரி அண்ணனுக்குக் கதவுன்னா முகம் மட்டுந்தான், ஓரத்துக்கு நாங்க வேலைக்காரங்க” என்பான் மேஸ்திரி பாக்கியநாதன். ஈரக் கதவை யாராவது சாத்தப் போனால் அவர் போடுகிற கூச்சலும் ஊரறிந்தது. “அண்ணன் அடிச்ச வீட்டுல ஒரு வாரத்துக்குக் கொசுக்கு விருந்துடா.” எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். இந்த வீட்டுக்கு வேறு ஆள் கூப்பிடவில்லை. மகள் வீடு, நானே அடிக்கிறேன், ஒருத்தனும் வேண்டாம் என்று பெரிதாகச் சொல்லிவிட்டு வந்தாயிற்று. முதல் ஐந்து கதவுக்கும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எப்படியோ ஓட்டிவிட்டார். குளியலறைக்கு வந்ததும் பஞ்சும் உதவவில்லை.

பெனிட்டாவுக்குக் கதவு என்றால் உயிர். இருக்காதா பின்னே, பாலக்கரை காம்பவுண்டு வீட்டில் குளியலறைக்குக் கதவே கிடையாது, திரை. அவள் அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் அவர் கழற்றிய கதவுக்குப் பதிலாக ஒரு கம்பி, அதில் ஒரு பூப்போட்ட திரைத்துணி, அதுவும் தரையிலிருந்து இரண்டு ஜாண் தூக்கிக்கொண்டு நிற்கும். காலேஜ் விடுதியிலிருந்து லீவுக்கு வருகிற பெண் குளிக்கப் போனால் பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பாள், பாட்டு நின்றால் யாரும் வரலாம் என்கிற பயம். தோழிகளை ஒருநாளும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. “ஊருக்கெல்லாம் கதவு அடிக்கிறவரு வீட்டுல திரை. நீங்க பெயிண்டரா, திரை மகாராஜாவா?” என்பாள். கேலிதான், ஆனால் ஒருமுறை கேலி பாதியில் உடைந்து அழுதும் இருக்கிறாள். “ஒரே ஒரு கதவுப்பா. நான் ஒண்ணும் பங்களா கேக்கல.” வாங்குறேன் வாங்குறேன் என்று கல்யாணம்வரை ஓட்டினார். மருமகன் டேனியல் முதல்முறை விருந்துக்கு வந்தபோது திரையைப் பார்த்துவிட்டு, குளிக்காமலே தலைவாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அப்போதும் சொல்லவில்லை. என்ன சொல்வது? மூடுகிற எதையும் இந்த வீட்டில் வைக்க எனக்குத் தைரியமில்லை என்றா? ஏன் என்று கேட்டால்? கேட்பாள். உங்கம்மாவை நான் என்று தொடங்கி, அதற்குமேல் வாக்கியம் எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. பாவமன்னிப்புக்குப் போய் முழங்காலிட்டபோதும் “கோபம் வந்தது, பொய் சொன்னேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொன்னாலும் அது கணக்கில் வராது என்று அவருக்குத் தெரியும். அவளிடம் சொன்னால் அவள் தன்னோடு இருக்கமாட்டாள் என்பதும் தெரியும். அவளைத் தவிர அவருக்கு இருப்பது இந்தப் பை மட்டும்தான்: பிரஷ், பட்டித் தகடு, டர்பன்டைன் புட்டி, அடியில் துணியில் சுற்றிய அந்தச் சாமான்.

நம்ம வீடுதானே. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தார். ஆறு மாதமாக ரெஜினா நச்சரித்துக்கொண்டிருந்தாள், “குளிக்கிற எடத்துக்குத் துருப்புடிச்ச தகரம், கை வச்சா கிழிக்குது, ஒரு கதவு போட உங்களுக்கு முடியல” என்று. பழைய மரக்கடையில் ஒன்று கிடைத்தது, வார்னிஷ் அடித்த கனத்த கதவு, கண்ணாடி மாதிரி மினுங்கியது. மாட்டினார். ஏதோ பள்ளிக்கூட ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பிஸ்தாப் பச்சை டப்பாவில் கால்வாசி இருந்தது. தேய்க்கவில்லை. கழுவக்கூட இல்லை. மினுக்கத்தின் மேலேயே இழுத்துவிட்டார், நம்ம வீடுதானே, யார் கேட்கப்போகிறார்கள். தாழ்ப்பாளையும் உள்பக்கக் கைப்பிடியையும் கழற்றினார், பெயிண்ட் படக்கூடாதென்று; வேலையில் எத்தனை அலட்சியம் என்றாலும் அதில் மட்டும் ஒரு சுத்தம். காலையில் ஓரத்துக்கு இரண்டாவது கை கொடுத்துவிட்டு, நேரமாகிவிட்டது, சாயங்காலம் மாட்டிக்கொள்ளலாம் என்று கைப்பிடியைச் சட்டைப்பையில் போட்டார். ரெஜினா துண்டோடு நின்றாள். “இன்னைக்குக் குளிக்கலாமா, இல்ல நாளைக்கா?” அவர் விரல் வைத்துப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், “அதெல்லாம் காஞ்சிருச்சு, தாராளமா குளி.” அதெல்லாம் காஞ்சிருச்சு. எத்தனை சின்ன வார்த்தை. மத்தியானம் வேலையிடத்தில் குனிந்தபோது பையிலிருந்து கைப்பிடி விழுந்து உருண்டது. “என்ன சவரி, வீட்டையே கழட்டிட்டு வந்துட்டியா?” என்று யாரோ கேட்க, எடுத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் என்ன மணி இருக்கும்? பன்னிரண்டரையா? ஒன்றா? அவர் சிரித்துக்கொண்டிருந்த நிமிஷத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது? இந்தக் கேள்வி வந்தால் மற்ற எல்லாக் கேள்விகளும் எழுந்து நின்று இதற்கு இடம் விடும்.

நான்கு மணிக்கு வீட்டுக்குப் போனபோது உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டார். தள்ளினார். உள்பக்கமாகத் திறக்கிற கதவு. சர்ரக்கென்று, புண்ணில் ஒட்டிய துணியைப் பிய்க்கிற சத்தத்தோடு நிலையை விட்டது, விட்டு, பாதியில் எதிலோ மெத்தென்று முட்டி நின்றது. கதவோடு சேர்த்து அவளைத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. இழுப்பு மருந்து டிவிக்கு மேல் இருந்தது, எட்டு அடி தூரத்தில். கதவின் ஓரத்தில், அவள் நெஞ்சு உயரத்தில், பச்சை சுரண்டிப்போய் ஐந்து கோடு. பிடித்து இழுக்க உள்ளே ஒன்றுமில்லை, விரல் நுழைய இடுக்குமில்லை, நகத்தால் முயன்றிருக்கிறாள். பத்து நகத்துக்குள்ளும் பச்சை. அவர் அழுதாரா? இல்லை. ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டாரா? அதுவும் இல்லை. அவளுக்குத் துணி போர்த்திவிட்டு, வேலைப்பையைத் திறந்து, டர்பன்டைனில் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு நகமாக, தீக்குச்சி முனையால் உள்ளே விட்டுச் சுத்தம் செய்தார். வலது மோதிர விரலில் நகம் பாதி இல்லை. பிறகு கோட்டின் மேல் பிரஷ்ஷை ஓட்டினார். அதற்கப்புறம்தான் வாசலுக்கு வந்து கத்தினார். பக்கத்து வீட்டு லில்லி ஓடி வந்தாள், மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், டாக்டர் வந்து இழுப்பு முத்திவிட்டது என்றார், எல்லாரும் பாவம் இழுப்புக்காரி என்றார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது லில்லி மெதுவாகச் சொன்னாள், “மத்தியானம் டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு அண்ணே. ரொம்ப நேரம். நீங்கதான் கதவு வேலை பாக்குறீங்கன்னு நெனச்சு நான் பாட்டுக்குப் படுத்துட்டேன்.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், “ஆமா. நான்தான்.” மறுநாள் கதவைத் தட்டுவண்டியில் ஏற்றிப் பழைய மரக்கடையில் விட்டுவிட்டு வந்தார். கீழ் மூலையில், சாவித்துவாரம் போட்டு அடைத்த வட்டம் ஒன்று உண்டு அதற்கு. எந்த வீட்டில் பழைய கதவைப் பார்த்தாலும் முதலில் குனிந்து மூலையைத் தடவுவார். இந்த வீட்டிலும் ஆறு கதவையும் தடவிப் பார்த்தார். இல்லை. இல்லை என்றதும் ஒரு நிம்மதி, நிம்மதிக்குப் பின்னாலேயே, அப்படியென்றால் எங்கே இருக்கிறது, யார் வீட்டில், யார் இப்போது அதைச் சாத்திக்கொண்டு குளிக்கிறார்கள்.

மணி மூன்றரை. காதிலிருந்த பஞ்சை எடுத்து எறிந்தார். கேட்டுத்தான் ஆக வேண்டும் போல. தாளை ஓரத்தில் வைத்து இழுத்தார். சர். விட்டார். சர்ர்ர், கடைசியில் விசில். பதில் சொல்வதுபோல அவருடைய மூச்சும் அதே அளவில் போய் வந்தது. மேலே, கீழே, மேலே. நெஞ்சு உயரம் வந்தபோது கை குறுகியது. அந்த இடத்தில் ஒன்றுமில்லை, வேறு கதவு, வேறு மரம், யாருடைய நகமும் பட்டதில்லை, ஆனாலும் அங்கே மெதுவாகத் தேய்த்தார், வலிக்கக்கூடாதென்று. செந்தூள் முழங்கைவரை வழிந்து வியர்வையில் குழைந்தது. கதவின் அடிவரை வந்தபோது விசில் நின்று வெறும் மரச்சத்தம் வந்தது, மினுக்கம் செத்துவிட்டது. துடைத்து, அரக்கு பூட்டினார். அரை மணி காத்திருந்து, விரல் வைத்துப் பார்த்தார். இன்னும் ஐந்து நிமிஷம் இருந்து மறுபடி விரல் வைத்துப் பார்த்தார். பிறகு பிரைமர். அதுவும் வெள்ளைதான், கடைசிக் கை விடிந்ததும் கொடுத்தால் போதும், சாமியார் வருவதற்குள் ஓரத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளலாம். கதவைப் பாதி திறந்துவிட்டு அடியில் சக்கை வைத்தார். மற்ற கதவுகளுக்குப் புதுக் கைப்பிடி மாட்டியாயிற்று. இந்தக் கதவுக்கு உரியது மட்டும் இன்னும் அட்டைப்பெட்டியில் இருந்தது, காலையில் கடைசிக் கை கொடுத்தபிறகு மாட்டிக்கொள்ளலாம். பிரஷ்ஷோடு பால்கனிக்குப் போய்க் கழுவ உட்கார்ந்தார்.

“மகாராஜா! எங்க இருக்கீங்க?”

பெனிட்டாவின் குரல் அறை அறையாக ஓடியது. “ஐயோ, வீடு எவ்ளோ பெருசாயிடுச்சு! இது நம்ம வீடுதானாப்பா?” ஒவ்வொரு கதவாக அவள் ஆட்டிப் பார்ப்பது கேட்டது. “அதுங்களைச் சாத்தாதே” என்று கத்தினார். “தெரியும், தெரியும், கொசு விருந்து! முகம் மட்டும் கழுவிட்டு வரேன். பஸ்ல ஒரே தூசி.” எழுந்திருப்பதற்குள் சக்கை தரையில் வழுக்கி ஓடுகிற சத்தம், அப்புறம், டப். “அப்பா, என் வீட்டுல மொதல் தடவையா கதவைச் சாத்திட்டேன்!” என்று உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு.

குழாய் ஓடியது. அவர் கதவுக்கு வெளியே வந்து நின்றார், கையில் சொட்டுகிற பிரஷ். குழாய் நின்றது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மரத்தில் ஏதோ உரசுகிற சத்தம். “அப்பா? உள்ள கைப்பிடியே இல்லையே. எப்படித் தெறக்குறது?” உரசல். “கை வழுக்குதுப்பா.” டொக், டொக். தள்ளினால் திறந்துவிடும். அவ்வளவுதான், ஒரு தள்ளு. கை வரவில்லை. தள்ளி, பாதியில் மெத்தென்று முட்டினால்? டொக், டொக், டொக். “அப்பா, இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்று சத்தமாகச் சொன்னார். “தள்ளி நில்லும்மா. நான் இருக்கேன்.” தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஈரப் பிரைமர் நிலையை விட்டுச் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. கதவு முழுதாக, எதிலும் முட்டாமல், சுவர்வரை போனது.

ஈர முகத்தோடு அவள் நின்றாள். “ஏம்ப்பா இப்படி வேர்த்து ஊத்துது? நெஞ்சு வலிக்குதா? ஒக்காருங்க மொதல்ல.” இல்லை என்று தலையை ஆட்டினார். கதவு ஓரத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு விரல் தடம் இறங்கியிருந்தது. “கெடுத்துட்டேன், ஸாரி. திட்டாதீங்க.” கையை விரித்துக் காட்டினாள். நகங்களுக்குள் வெள்ளை. “டர்பன்டைன் குடுங்க, தொடச்சுக்கிறேன்.”

புட்டியையும் பஞ்சையும் எடுத்தார். மூடியைத் திறந்ததும் அவள் மூக்கை அருகே கொண்டுவந்தாள். “எல்லாருக்கும் இது தலைவலி, எனக்கு மட்டும் புடிக்கும். ஏன் தெரியுமா? அம்மாவைப் பொட்டியில வச்சிருந்தப்ப கையப் புடிச்சு முத்தம் குடுத்தேன்ல, அப்ப அம்மா கையில இந்த வாசனைதான். கடைசி நாளும் உங்க வேலைத்துணியத் தொவைச்சிருக்கா பாருங்க. எங்கயாவது பெயிண்ட் அடிக்கிற எடத்தைத் தாண்டிப் போனா, அம்மா ஒரு நிமிஷம் வந்துட்டுப் போற மாதிரி இருக்கும். டேனியல்கிட்டகூடச் சொன்னதில்ல.”

கையை நீட்டினாள். துடைத்துவிடலாம். பஞ்சு ஈரமாக இருக்கிறது, இரண்டே நிமிஷம், எப்படித் துடைப்பதென்று இந்தக் கைக்குத் தெரியும். நாளைக்குச் சாமியார் வருவார், புனித நீர் தெளிப்பார், எல்லாம் வெள்ளையாக இருக்கும். பதினோரு வருஷமாக அவள் முகர்ந்துகொண்டிருந்தது அவளுடைய அம்மாவை. அது அவர் பூட்டிவைத்த பொய் என்று சொன்னால் அம்மாவையும் எடுத்துக்கொண்டுபோகிற மாதிரி. சொல்லாவிட்டால், இனி ஒவ்வொரு முறையும் அவள் இந்த வாசனைக்குக் கண்ணை மூடிச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திறந்த கதவின் விளிம்பில் அந்த ஐந்து சாயக் கோடும் மாலை வெயிலில் நன்றாகத் தெரிந்தன.

பஞ்சைக் கீழே வைத்தார். புட்டியை மூடினார். பையின் அடியில் கையை விட்டு, துணியைப் பிரித்து, ஒரு பழைய இரும்புக் கைப்பிடியை எடுத்து அவளுடைய வெள்ளை நகக் கையில் வைத்தார். திருகு ஓட்டையில் பிஸ்தாப் பச்சை காய்ந்திருந்தது.

“என்னப்பா இது?”

“நம்ம பாலக்கரை வீட்டுப் பாத்ரூம் கதவோடது. உள்பக்கத்துக் கைப்பிடி.”

“நீங்க கழட்டித் தூக்கிப் போட்டீங்களே, அந்தக் கதவா? இது ஏன் உங்ககிட்ட இருக்கு?”

“கதவைக் கழட்டுனது அப்புறம்மா. இதை அம்மா போன அன்னைக்குக் காலையிலயே கழட்டிட்டேன். சாயங்காலம் மாட்டிக்கலாம்னு. அன்னைக்குப் பூரா இது என் சட்டைப்பையில இருந்துச்சு.”

அவள் கைப்பிடியைப் பார்த்தாள். கைப்பிடி இல்லாத கதவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, வெகுநேரம், தன் நகங்களைப் பார்த்தாள்.